சீட் பை மூட மாட்டேன் என்கிறது: எதை எடுப்பது, எதை விடுவது?

மெதுவண்டி

வணக்கம். காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பும் 80 முதல் 120 கி.மீ. பயணங்களுக்கு என்னென்ன கருவி, உதிரி எடுத்துப்போவது என்று கேட்கிறேன். வழியில் வெகுதூரத்துக்கு சைக்கிள் கடையே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி: அலுமினியம் ஃப்ரேம், 2×10 கியர், 700×32 டயர், உள்ளே ட்யூப், பிரெஸ்டா வால்வு (ஒல்லியான வகை), கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், இரண்டு சக்கரத்துக்கும் த்ரூ ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவே ஊடுருவி வண்டியில் திருகும் அச்சு). சீட்டுக்கு அடியில் ஒரு லிட்டர் பை.

இப்போது அதில் இருப்பவை: ட்யூப் 2, இரும்பு டயர் லீவர் 3, வண்டியோடு வந்த பஞ்சர் பெட்டி (இன்னும் பிரிக்கவில்லை), 16 கிராம் சிஓ2 கார்ட்ரிட்ஜ் (டயரில் ஒரே மூச்சில் ஏற்ற அடைத்த கார்பன் டை ஆக்ஸைடு) 3, அதை வால்வில் மாட்டும் தலை, 20 கருவிகள் கொண்ட மல்டிடூல், ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், பிரேக் கேபிள் ஒன்று, 100 மில்லி செயின் ஆயில். பம்ப் இல்லை. ஜிப் பாதிக்கு மேல் போகவில்லை.

சிஓ2 மட்டும் போதுமா? செயின் கட்டர் (கண்ணியின் பின்னைத் தள்ளிக் கழற்றும் கருவி) அவசியமா? எதையெல்லாம் வீட்டிலேயே விடலாம்? இன்னொன்று: கூட வருபவரின் வண்டி ஒற்றை கியர், 26×1.75 டயர், மோட்டார் பைக் மாதிரி ஷ்ரேடர் வால்வு, சக்கரம் நட்டு போட்டது. அவருக்கும் சேர்த்து நான்தான் சுமக்க வேண்டும்.

ஆறாம்எண்ஆலன்

பையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் வண்டியைப் பாருங்கள். அடுத்தவர் பட்டியலை அப்படியே எடுத்தால் பாதி பொருள் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது, பொருந்தக்கூடிய ஒன்று விட்டுப்போயிருக்கும்.

செய்ய வேண்டியது இது. வண்டியை நிறுத்தி, நீங்கள் கொண்டுபோகப்போகிற மல்டிடூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒவ்வொரு போல்ட்டிலும் பொருத்திப் பாருங்கள். கால் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். கழற்றவே தேவையில்லை, கருவி உள்ளே போகிறதா, திருப்ப இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்டெம் (ஹாண்டில்பாரைப் பிடிக்கும் குட்டைக் கை), ஹாண்டில்பார் பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீ. சீட்போஸ்ட் கவ்வியும் அதே அளவுகள்தான், சீட் தண்டவாளத்தைப் பிடிக்கும் போல்ட் 5 அல்லது 6. பின் டிரெய்லியரில் (செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) கேபிளைப் பிடிக்கும் போல்ட் 4 அல்லது 5. டிஸ்க் தகடு 6 போல்ட் வகையென்றால் டி25 டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவக் கருவி). த்ரூ ஆக்ஸிலுக்குக் கைப்பிடி இல்லாவிட்டால் பெரும்பாலும் 6 மி.மீ., சிலவற்றில் 5. இந்த ஒன்றை மறந்தால் பையில் எத்தனை ட்யூப் இருந்தும் பயனில்லை, சக்கரமே வெளியே வராது.

பெடலைத் தனியாகப் பாருங்கள். சிலவற்றில் அச்சின் உள்முனையில் 6 அல்லது 8 மி.மீ. ஆலன் துளை இருக்கும், சிலவற்றுக்கு வெளியிலிருந்து 15 மி.மீ. ஸ்பேனர்தான். பாதையில் பெடலைக் கழற்றும் தேவை அபூர்வம். ஆனால் லூஸாகி ஆடினால் உடனே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிராங்கின் மரையைத் தின்றுவிடும். இடது பெடலுக்கு எதிர்மரை என்பது நினைவிருக்கட்டும்.

20 கருவி மல்டிடூல்களின் பிரச்சினை, உடல் தடிமன். பாட்டில் கூட்டின் போல்ட்டுக்கும் டிரெய்லியர் பக்கத்துக்கும் அது நுழையாது. சில கருவிகளில் 8 மி.மீ. என்பது 6-இன் மேல் செருகும் தொப்பி, அது தொலைந்துபோகும். பாட்டில் திறப்பான் மட்டும் எப்போதும் அருமையாக வேலை செய்யும். உங்களுக்கு வேண்டியது 2.5, 3, 4, 5, 6 ஆலன், டி25, ஒரு நாலு முனை நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், செயின் கட்டர். இவ்வளவு உள்ள ஒல்லியான கருவி 120 முதல் 150 கிராமுக்குள் கிடைக்கும். 8 மி.மீ. உங்கள் வண்டியில் எங்குமே இல்லையென்றால் எதற்குச் சுமப்பது?

ஸ்டெம் போல்ட்டுக்கு அருகில் பெரும்பாலும் இறுக்க அளவு அச்சிட்டிருப்பார்கள், 5 நியூட்டன் மீட்டர் சகஜம். மல்டிடூலின் குட்டைக் கையில் இரண்டு விரலால் அழுத்தி நிறுத்தினால் அந்தப் பக்கம் வரும். முழு உள்ளங்கையால் அழுத்தினால் கூடிப்போகும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை எடுத்துவிடுங்கள். உங்கள் வண்டியில் அதற்கு வேலையே இல்லை. நண்பர் வண்டிக்கும் அது சரியான கருவி அல்ல, அதை நட்டு வண்டிக்காரர்கள் சொல்லட்டும்.

காற்றடி

பஞ்சர் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பாதையில் வண்டி நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

சிஓ2 மட்டும் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 கிராம் கார்ட்ரிட்ஜில் இருக்கும் வாயு சாதாரண அழுத்தத்தில் சுமார் 8.7 லிட்டர். 700×32 டயரின் உள்கொள்ளளவு ஏறக்குறைய 1.65 லிட்டர். வகுத்தால் 5 பார், அதாவது 75 பி.எஸ்.ஐ. அருகில். தலையைப் பொருத்தும்போது கொஞ்சம் கசிந்தாலும் ஓட்டுவதற்குப் போதும். நண்பரின் 26×1.75 டயர் கொள்ளளவு 2.9 லிட்டர் அளவில் வரும். அதே கார்ட்ரிட்ஜ் அதில் 3 பார், 40 பி.எஸ்.ஐ.யை ஒட்டித்தான் தரும். அதுவும் ஓடும், ஆனால் மிச்சம் இல்லை. ஒரு கார்ட்ரிட்ஜ் ஒரே ஒரு தரம்தான். டயருக்குள் முள்ளை விட்டுவிட்டு ட்யூப் மாற்றினால் இரண்டாவது ட்யூபும் போச்சு, இரண்டாவது கார்ட்ரிட்ஜும் போச்சு. மூன்றாவது பஞ்சருக்குப் பின் நடைதான்.

பம்ப்புக்குத் தீர்ந்துபோவது என்ற ஒன்று இல்லை. உள்விட்டம் 20 மி.மீ., இழுப்பு 15 செ.மீ. உள்ள கைப்பம்ப் ஒரு அடிக்கு 47 மில்லி காற்றைத் தள்ளும். உங்கள் டயரை 4 பாருக்குக் கொண்டுவரக் கணக்குப்படி 140 அடி, கசிவு சேர்த்து 170 வரை போகும். ஐந்து நிமிட வேலை. 4 பாரில் அந்தப் பம்ப்பின் தண்டை அழுத்த 13 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். உள்விட்டம் 25 மி.மீ. என்றால் ஒரு அடிக்குக் காற்று அதிகம் போகும், ஆனால் அதே 4 பாரில் 20 கிலோ அழுத்த வேண்டும். அகலமான பம்ப் கொழுத்த டயருக்கு, ஒல்லியான பம்ப் அதிக அழுத்த டயருக்கு என்று சொல்வது இதனால்தான். உங்களுக்கும் நண்பருக்கும் பொதுவாக 20 மி.மீ. அளவே சரி.

குழாய் வைத்த பம்ப்பாக வாங்குங்கள். பம்ப் தலையை நேராக வால்வில் மாட்டி ஆட்டி ஆட்டி அடிக்கும்போதுதான் பிரெஸ்டா வால்வின் முனை வளைவதும், ட்யூபின் வால்வு அடி கிழிவதும் நடக்கின்றன. குழாயின் ஒரு முனை பிரெஸ்டாவுக்கு, திருப்பிப் போட்டால் ஷ்ரேடருக்கு என்று இருப்பது உங்கள் இரண்டு வண்டிக்கும் தோது. ஒரு எச்சரிக்கை: மரை போட்ட குழாயைக் கழற்றும்போது வால்வின் உள்கோர் (காற்றை அடைக்கும் உள்பாகம்) சேர்ந்து கழன்று வந்து, அடித்த காற்றெல்லாம் போய்விடும். வீட்டிலேயே கோரை ஒரு சிறு சாவியால் இறுக்கி வையுங்கள்.

சிஓ2 வேண்டுமென்றால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மழையிலோ இருட்டத் தொடங்கும் நேரத்திலோ உதவும். திறந்தவுடன் கார்ட்ரிட்ஜ் உறைகிற அளவுக்குக் குளிரும், உறை இல்லாமல் வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. சிஓ2 ரப்பருக்குள் காற்றைவிட வேகமாகக் கசியும். வீட்டுக்கு வந்ததும் முழுக்க இறக்கி மறுபடி காற்று அடியுங்கள்.

ட்யூப்: 700×28–38 என்று போட்ட ஒன்று. இரண்டு வைத்திருக்கிறீர்கள், ஒன்றும் நல்ல பேட்ச் பெட்டியும் போதும். வால்வு நீளம் ரிம்மின் ஆழத்தைவிட 15 மி.மீ.யாவது கூட இருக்க வேண்டும். ட்யூபை அட்டைப்பெட்டியோடு வைக்காதீர்கள். மாதக்கணக்கில் மல்டிடூலோடு உரசி, புது ட்யூபிலேயே ஓட்டை விழுந்திருக்கும், தேவைப்படும்போதுதான் தெரியவரும். வால்வுக்கு மூடி போட்டு, காற்றை முழுக்க இறக்கி, இறுகச் சுருட்டி, பழைய காலுறைக்குள் தள்ளுங்கள். அந்தக் காலுறை கைதுடைக்கவும், டயருக்குள் முள் தேடவும் ஆகும்.

இடம்தான் பிரச்சினை என்றால் டிபியு (ரப்பருக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக்) ட்யூப் ஒன்று யோசிக்கலாம். எடை ஏறக்குறைய 40 கிராம், சுருட்டினால் கட்டைவிரல் அளவுதான். ஆனால் சாதாரண ரப்பர் பேட்ச் அதில் ஒட்டாது, அதற்கென்றே உள்ள பேட்ச் வேண்டும். டயருக்கு வெளியே வைத்து ஊதிப் பார்க்கக் கூடாது, விரிந்தது விரிந்தபடியே நின்றுவிடும்.

பேட்ச் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது. சொல்யூஷன் குழாயை ஒருமுறை திறந்துவிட்டால் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் சில மாதங்களில் காய்ந்துவிடும். அதனால் வீட்டு உபயோகத்துக்கு ஒன்று, பைக்குத் திறக்காத ஒன்று. சொல்யூஷன் தேவையில்லாத ஒட்டும் பேட்ச்சுகளையும் ஆறு வைத்துக்கொள்ளலாம், வீடு திரும்பும் வரை தாங்கும். அவற்றை நிரந்தரம் என்று நம்ப வேண்டாம், ட்யூப் சூடாகி விரியும்போது ஓரம் கிளம்பும்.

ஒட்டும் முறையில் தவறுவது ஒரே இடத்தில்தான்: அவசரம். உப்புத்தாளால் ரப்பரின் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும், ட்யூபின் நடுவில் ஓடும் மேடான கோட்டையும் தட்டையாக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோட்டோரமாகவே காற்று வரும். சொல்யூஷனை பேட்ச்சைவிடப் பெரிய வட்டமாக, மெல்லிசாகப் பூசி, ஐந்து நிமிடம் விடுங்கள். விரல் நுனியால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. ஈரமாக இருக்கும்போது பேட்ச் வைத்தால் அது வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். வைத்து ஒரு நிமிடம் நன்றாக அழுத்துங்கள், மேலே உள்ள மெல்லிய தாளை உரிக்க வேண்டியதில்லை.

இதைவிட முக்கியம், ஏன் பஞ்சர் ஆனது என்று கண்டுபிடிப்பது. டயர் மாட்டும்போதே அதன் பெயர் அச்சை வால்வுக்கு நேராக வையுங்கள். ட்யூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தால் டயரில் முள் எங்கே என்று தெரிந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் முள் இல்லை, காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் ரிம் கடித்தது. ஓட்டை ரிம் பக்கம் பார்த்த முகத்தில் என்றால் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் துளை தெரிகிறது. வால்வின் அடியில் என்றால் பேட்ச் வேலைக்காகாது, ட்யூபை மாற்றுங்கள். மயிர் போன்ற இரும்புக் கம்பித் துண்டுகள் டயருக்குள் புதைந்து, வெளியே கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். விரலை வெறுமனே ஓட்டினால் கிழிக்கும், அந்தக் காலுறையை ஓட்டுங்கள், எங்கே இழை சிக்குகிறதோ அங்கே இருக்கிறது. பிடுங்க ஒரு சின்ன நகவெட்டி பையில் போடுங்கள். 20 கிராமுக்கு இவ்வளவு உபயோகமான கருவி வேறில்லை. ஜிப் டை வெட்டவும் அதுவே.

இரும்பு லீவரை விட்டுவிடுங்கள். அலுமினிய ரிம்மின் உதட்டைக் கீறும், புது ட்யூபைக் கிள்ளும். நைலான் லீவர் 2. மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். ஏற்கெனவே உள்ளே போன டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசி ஒரு சாண் கையாலேயே ஏறும். வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது, அதனால்தான் அதைக் கடைசிக்கு வைப்பது.

டயரே கிழிந்தால்? பழைய டயரின் பக்கச்சுவரில் 4×6 செ.மீ. ஒரு துண்டு வெட்டி, ஓரங்களைச் சீவி, லீவரோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். கிழிசலுக்கும் ட்யூபுக்கும் நடுவில் வைத்து, அழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். காலியான பற்பசைக் குழாயை வெட்டி விரித்தாலும் ஆகும். மடக்கும் டயர் சுமப்பதெல்லாம் பல நாள் பயணத்துக்கு.

பின்சக்கரம்

காற்றடி சொன்னதில் சிஓ2 பற்றி மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். பம்ப் கட்டாயம் என்று ஆன பிறகு அந்த ஒன்றும் தேவையா? தலை, கார்ட்ரிட்ஜ், உறை மூன்றும் சேர்ந்து பிடிக்கும் இடத்தில் நான் கீழே சொல்லப்போகும் ஹேங்கரும் குவிக் லிங்கும் (கையாலேயே மாட்டும் செயின் இணைப்பு) வந்துவிடும். பஞ்சரில் ஐந்து நிமிடம் மிச்சப்படுத்துவதைவிட, ஓடவே முடியாத நிலையைத் தடுப்பது மேல்.

செயின் கட்டர் அவசியமா என்றால், ஆம். செயின் அறுவது அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் வேறு வழியே இல்லை. உங்களுக்கு 10 ஸ்பீட் குவிக் லிங்க் இரண்டு ஜோடி வேண்டும். 9 ஸ்பீடுக்கானது தளர்வாக இருக்கும், 11 ஸ்பீடுக்கானது ஏறாது. கூடவே பழைய அதே ரகச் செயினிலிருந்து ஒரே ஒரு உள்கண்ணியை, அதாவது ரோலர் இரண்டு உள்ள அரை அங்குலத் துண்டை, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வெளித்தகடு உடைந்தால் வேலை சுலபம்: அந்த வெளிக்கண்ணியைக் கட்டரால் எடுத்துவிட்டு அதே இடத்தில் குவிக் லிங்க். நீளம் மாறாது. உள்கண்ணி நசுங்கினால், அதையும் அதன் இரு பக்க வெளிக்கண்ணிகளையும் சேர்த்து மூன்றும் எடுக்க வேண்டும், ஏனென்றால் குவிக் லிங்க் இரண்டு உள்கண்ணிகளைத்தான் இணைக்கும். ஒரே லிங்க் போட்டால் செயின் ஒரு அங்குலம் குறையும். பிறகு பெரிய முன்பல்லையும் பெரிய பின்பல்லையும் ஒன்றாகப் போட்டால் டிரெய்லியர் இழுபட்டு முறியும். கையில் அந்த உள்கண்ணித் துண்டு இருந்தால் லிங்க், கண்ணி, லிங்க் என்று கோத்து அசல் நீளத்தையே கொண்டுவரலாம். மொத்த எடை பத்து கிராமுக்குள்.

கட்டரின் ஊசியைச் செயின் பின்னுக்கு நேர் எதிரே வைத்து, முதல் சுற்றை மெதுவாகத் திருப்புங்கள். கோணலாக நின்றால் வளைவது பின் அல்ல, ஊசி. வெளியே தள்ளிய பழைய பின்னை மறுபடி அடித்து மாட்டும் வித்தையை 10 ஸ்பீட் செயினில் செய்யாதீர்கள், மிதிக்கும்போது தகடு கழன்று வரும். குவிக் லிங்கை மாட்ட: செயினின் மேல்பாகத்தில் லிங்க் வரும்படி வைத்து, பின்பிரேக்கைப் பிடித்து, பெடலை ஒரு மிதி. டக் என்று உட்காரும். கழற்ற இடுக்கி இல்லாவிட்டால் ஷூ கயிறை இரண்டு ரோலருக்கும் பின்னால் சுற்றிக் குறுக்கே இழுங்கள். சில கம்பெனிகள் 10 ஸ்பீட் லிங்கை ஒரே தடவைக்கு மட்டும் என்று சொல்கின்றன, உங்களுடையது எந்த வகை என்று உறையைப் பார்த்து வாங்குங்கள்.

ஹேங்கர்: பின் டிரெய்லியரை ஃப்ரேமோடு பிடிக்கும் மெல்லிய அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கம் விழுந்தால் ஃப்ரேமைக் காப்பாற்றுவதற்காகவே வளையும். வளைந்தது தெரியாமல் ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெய்லியர் ஸ்போக்குக்குள் போய்விடும், அத்தோடு பயணம் முடிந்தது. விழுந்து எழுந்ததும் முதலில் பின்னால் நின்று பாருங்கள்: டிரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பின்பல்லுக்கு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஹேங்கர் நூற்றுக்கணக்கான வடிவங்களில் வருகிறது. உங்கள் வண்டி மாடலுக்கு உரியதை வாங்கி, பழையதைக் கழற்றி மேலே வைத்து ஒப்பிட்டு, அதன் குட்டி போல்ட்டுகளோடு டேப் சுற்றிப் பையின் அடியில் போடுங்கள். அந்த போல்ட் எந்தக் கருவிக்கு என்றும் பாருங்கள், உங்கள் மல்டிடூலில் இல்லாத அளவாக இருக்க வாய்ப்பு உண்டு.

கேபிள்: பிரேக் கேபிளை விடுங்கள். 1.5–1.6 மி.மீ. கனமான கம்பி, பிரேக் லீவர் பக்கத்தில் இழை பிரிகிறதா என்று கிளம்பும் முன் பார்த்தாலே போதும். கியர் கேபிள் 1.1–1.2 மி.மீ.தான், ஷிஃப்டருக்குள் சுருண்டு சுருண்டு தலைக்கு அருகில் அறும். வெளியிலிருந்து தெரியாது. கியர் மாற்றுவது திடீரென மோசமாகி, திருகித் திருகிச் சரிசெய்தும் ஒரு மணி நேரத்தில் மறுபடி கெடுகிறது என்றால் உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன. இதற்கு உதிரி சுமப்பதைவிட முன்கூட்டியே மாற்றுவது புத்திசாலித்தனம். அறுந்தே போனால் டிரெய்லியர் ஸ்பிரிங் செயினைக் கடைசிச் சின்னப் பல்லுக்குத் தள்ளிவிடும். எச் என்று போட்ட லிமிட் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் ஒன்றிரண்டு பல் மேலே கொண்டுவந்து நிறுத்தலாம். முன்கியர் இரண்டும் வேலை செய்யும், வீடு வரை போதும்.

மீதி சில்லறை: எம்5 போல்ட் இரண்டு (15 மி.மீ. நீளம், பாட்டில் கூடு, கேரியர் எல்லாம் இந்த மரைதான்), ஷூவில் கிளீட் (பெடலில் பூட்டும் தகடு) இருந்தால் அதற்கு ஒரு போல்ட், ஜிப் டை நாலு. எலெக்ட்ரிகல் டேப்பைச் சுருளாகக் கொண்டுபோகாமல் பம்ப்பின் மேலேயே ஒரு மீட்டர் சுற்றிவிடுங்கள். செயின் தொட ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை.

தனிக்கியர்

நண்பர் வண்டிக்கு நான் சொல்றேன். இது இன்னும் சுலபம்ங்க.

பின்சக்கர நட்டு பெரும்பாலும் 15 மி.மீ., முன்னாடி 14 அல்லது 15. அளந்து பாத்துட்டு அந்த அளவுல ரிங் ஸ்பேனர் ஒண்ணு எடுங்க. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் கனம், அதுக்கு மேல நட்டோட முனையைத் தேய்ச்சு வட்டமாக்கிடும். அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. பிரேக் கேபிளைப் பிடிக்கிற நட்டு 8, 9, 10 இதுல எதுன்னு பாத்து ஒரு குட்டை ஸ்பேனர்.

ஆனா சாதாரணப் பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழட்டவே வேணாம். வண்டியைப் படுக்கவெச்சு, டயரோட ஒரு பக்கத்தை மட்டும் விளக்கி, ட்யூபை அந்த இடத்துல வெளிய இழுத்து, காத்து அடிச்சு ஓட்டையைக் கண்டுபிடிச்சு ஒட்டிடலாம். செயின் கவர், கேரியர், மட்கார்டு எதையும் தொட வேண்டியதில்ல. அதனால இந்த வண்டிக்கு உதிரி ட்யூபைவிட பேட்ச்தான் முதல்ல. வால்வு அடி கிழிஞ்சா மட்டும்தான் ட்யூப் தேவை, அதுக்கு 26×1.75 ஷ்ரேடர் ட்யூப் ஒண்ணை அவர் கேரியர்லயே கட்டிவிடுங்க. அவர் சாமானை அவர் வண்டி சுமக்கட்டும்.

ரெண்டு பேரும் ட்யூபை மாத்திக்கலாமான்னு கேப்பீங்க. ஷ்ரேடர் வால்வுக்கு ரிம் துளை எட்டரை மி.மீ. இருக்கும், பிரெஸ்டாவுக்கு ஆறரைதான். அவரோடது உங்க ரிம்ல நுழையவே நுழையாது. உங்களோடதை அவர் ரிம்ல போடலாம், ஆனா வால்வு துளையில ஆடி அடியில கிழியும், சுத்தி ஒரு ரப்பர் வாஷர் வேணும். நீளமும் கூட, மடிஞ்சு நிக்கும். வேற வழியே இல்லைன்னா மட்டும்.

ஒற்றை கியர் செயின் அகலம், 1/2×1/8. அதுக்குக் கிளிப் வெச்ச மாஸ்டர் லிங்க் ஒண்ணு போதும். கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாத்து இருக்கணும், திறந்த வாய் பின்னாடி. மாத்திப் போட்டா எங்கயாவது உரசி கிளிப் பறந்துடும். சக்கரத்தைக் கழட்டி மாட்டினா செயினை நடுவுல பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க, ஒரு சென்டிமீட்டர் ஆடணும். விறைப்பா இருந்தா பேரிங்குக்குக் கேடு, தொங்கினா கழண்டுடும். ஒரு முழுச் சுத்து சுத்தி, எங்க அதிகமா இறுகுதோ அந்த இடத்துல வெச்சுப் பாக்கணும்.

மெதுவண்டி

எல்லோருக்கும் நன்றி. சிஓ2-வையும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரையும் வெளியே எடுத்தவுடனேயே ஜிப் மூடிவிட்டது. மல்டிடூலை வைத்துச் சோதித்ததில் பின் ஆக்ஸில் 6 மி.மீ.தான், ஆனால் கருவியின் உடல் டிரெய்லியரில் இடிக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி: ஸ்போக் உடைந்தால் என்ன செய்வது, சாவி எடுக்க வேண்டுமா? அடுத்த டயர் ட்யூப்லெஸ் போடலாம் என்று எண்ணம், அப்போது பட்டியல் எப்படி மாறும்?

பின்சக்கரம்

அந்த ஆக்ஸிலுக்குத் தனியாக ஒரு எல் வடிவ 6 மி.மீ. ஆலன் கீ போடுங்கள். நீளமாக இருப்பதால் இறுக்கவும் தோது.

ஸ்போக் சாவி 20 கிராமுக்குள் இருக்கும், எடுங்கள். ஆனால் நிப்பிள் (ரிம்மில் ஸ்போக்கைப் பிடிக்கும் குட்டி நட்டு) அளவு பார்த்து: 3.23, 3.30, 3.45 மி.மீ. என்று மூன்று சகஜம். சாவி கொஞ்சம் பெரிதாக இருந்தால் நிப்பிளை உருட்டிவிடும். உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், கேசட் (பின்பல் அடுக்கு) பக்கத்து ஸ்போக். கேசட்டைக் கழற்றாமல் அதற்குப் புது ஸ்போக் போட முடியாது, ஆகவே உதிரி ஸ்போக் சுமந்து பயனில்லை. உடைந்ததைப் பக்கத்து ஸ்போக்கில் முறுக்கிச் சுற்றி டேப் போடுங்கள். அதன் இரு பக்கத்திலும் ஹப்பின் எதிர்ப்பக்க விளிம்புக்குப் போகும் ஸ்போக்குகளை அரைச் சுற்று தளர்த்துங்கள், வளைவு பாதிக்கு மேல் குறையும். டிஸ்க் பிரேக் என்பதால் ரிம் ஆடினாலும் பிரேக் பிடிக்கும், டயர் ஃப்ரேமில் உரசாமல் இருந்தால் போதும். பள்ளத்தில் எழுந்து நின்று ஓட்டுங்கள். 32 ஸ்போக் சக்கரம் இதைத் தாங்கும். 20, 24 ஸ்போக் என்றால் மெதுவாக, கனத்தைக் குறைத்து.

காற்றடி

ட்யூப்லெஸ் போட்டால் பேட்ச் பெட்டி இருந்த இடத்தில் பிளக் வரும்: செருகும் ஊசி ஒன்று, ரப்பர் நூல் ஐந்து. ஓட்டையில் சீலண்ட் (டயருக்குள் ஊற்றிவைக்கும், ஓட்டையை அடைக்கும் திரவம்) நுரைத்துக்கொண்டு நிற்காவிட்டால், முள்ளைப் பிடுங்கின கையோடு பிளக்கைச் செருகி, ஒரு செ.மீ. வெளியே விட்டு ஊசியை உருவுங்கள். வெளியே நிற்பதை வெட்ட அவசரம் வேண்டாம், சாலையே தேய்த்துவிடும். 60 மில்லி சீலண்ட் குப்பி ஒன்று, வால்வு கோர் சாவி, உதிரி கோர் ஒன்று.

ட்யூபை எடுத்துவிடாதீர்கள். பக்கச்சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது, கிழிசலுக்கு உள்ளே அந்தப் பழைய டயர் துண்டை வைத்து ட்யூப் போட்டுத்தான் வர வேண்டும். அதற்கு ட்யூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும், அதன் நட்டைக் கைவிரலால் மட்டும் இறுக்கியிருங்கள். இடுக்கியால் இறுக்கியிருந்தால் பாதையில் கழலாது. ட்யூபை உள்ளே வைக்கும் முன் டயரின் உட்புறம் முழுக்கத் தடவிப் பாருங்கள். சீலண்ட் அடைத்து வைத்திருந்த பழைய முட்கள் வரிசையாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், நகவெட்டிக்கு நல்ல வேலை இருக்கும்.

சீலண்ட் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் காய்ந்துபோகும், வெயில் காலத்தில் சீக்கிரம். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும்.

ஆறாம்எண்ஆலன்

செயின் ஆயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 100 மில்லி ஆயில் இந்தப் பயணத்துக்கு மிகவும் அதிகம். ஒரு செயினில் ரோலருக்கு ஒரு சொட்டு என்று நூற்றுச் சொச்சம் சொட்டுதான் போகும், அது 5 மில்லியைத் தாண்டாது. நனைந்து செயின் கிறீச்சிட்டால் வேண்டும், மற்றபடி வீட்டிலேயே போட்டுத் துடைத்துவிட்டு வருவதுதான். 10 மில்லி கண்மருந்துக் குப்பியில் ஊற்றி, மூடிமேல் டேப் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் தனியாக வையுங்கள். கசிந்தால் பேட்ச்சுகள்தான் முதலில் வீணாகும், எண்ணெய் பட்ட ரப்பரில் சொல்யூஷன் பிடிக்காது.